புழு உள்ள எலியும் புழு இல்லாத எலியும்

நாஞ்சில்நாட்டு வயல் வரப்பில் சிக்கும் ஒரு பெருச்சாளியை எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் ஒரே ஒரு நோய்க்கிருமி மட்டும் இருப்பது அபூர்வம். சிறுகுடலில் மெல்லிய உருளைப்புழுக்கள் இருக்கும், பக்கத்திலேயே நாடாப்புழுவும் இருக்கும். பூனையின் குடலில் முதிரும் இன்னொரு நாடாப்புழுவின் இளம்பருவம் கல்லீரலில் வெள்ளைக் கட்டியாகத் தங்கியிருக்கலாம். இரத்தத்தில் தெள்ளுப்பூச்சி பரப்பும் டிரிபனோசோமா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, சிறுநீரகத்தில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, காது மடலுக்குள் செம்மஞ்சள் புள்ளிகளாக ஒட்டிக்கிடக்கும் சிற்றுண்ணிக் குஞ்சுகள் என்று பட்டியல் நீளும். இவ்வளவையும் சுமந்துகொண்டு அந்த எலி மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்னும், குட்டி போடும், வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடும்.

எலியிலிருந்து மனிதருக்கு வரும் நோய் என்றதும் நாம் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்றுதான்: இந்த எலியிடம் அந்தக் கிருமி இருக்கிறதா, இல்லையா? காட்டு எலிகளை வைத்துக் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்தக் கேள்வி போதாது என்று காட்டுகின்றன. அந்தக் கிருமியோடு வேறு யார் யார் அந்த உடலில் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு தொற்று இன்னொரு தொற்றை வளர்த்துவிடலாம், அடக்கியும் வைக்கலாம். அதிலும் புழுக்களின் பங்கு பெரியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எலியும் ஈரமும் மனிதரும் இவ்வளவு நெருக்கமாகக் கலந்து வாழும் இடங்கள் தமிழ்நாட்டில் குறைவு.

மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள்ளேயே கடற்கரை, உப்பளம், நெல் விளையும் ஏலா, வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு, மரச்சீனி விளை, ரப்பர்க் காடு, அதற்கும் மேலே மழைக்காடு எல்லாம் வந்துவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இங்கே பெய்கின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெற்பூ; பூ என்றால் இங்கே ஒரு சாகுபடிப் பருவம். வயலில் பெருச்சாளியும் வயல் எலியும், மேட்டு நிலத்தில் வெள்ளெலி, வீட்டு ஓட்டுக்கு மேலும் தென்னை மண்டையிலும் கருப்பு எலி, மலையில் மலை அணிலும் முள்ளம்பன்றியும். நெற்பயிர் பொதி கட்டும் நேரத்தில் வயல் எலிகளின் இனப்பெருக்கமும் சூடுபிடிக்கும். அறுவடை முடிந்து ஏலா காலியானதும் அவை வரப்பை விட்டு விளைகளுக்கும் வீடுகளுக்கும் நகரும்.

இந்தப் பட்டியலில் மூஞ்சூறைச் சேர்க்கவில்லை. பார்க்க எலிபோல இருந்தாலும் அது கொறிவிலங்கு அல்ல, பூச்சி தின்னும் வேறு குடும்பம். ஆனால் அதையும் மறக்கக் கூடாது. 1964-இல் வேலூர்ப் பக்கம் பிடிக்கப்பட்ட ஒரு மூஞ்சூறிலிருந்துதான் தோட்டப்பாளையம் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. ஹண்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்பது பின்னால்தான் தெரிந்தது. வீட்டு மூலையில் கீச்சிட்டு ஓடும் சிறு உயிர்களுக்குள் என்ன இருக்கிறது என்று தேடியவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

சரி, புழுவுக்கும் மற்றக் கிருமிக்கும் என்ன உறவு?

எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் எல்லா எதிரிகளையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. செல்லுக்குள் புகுந்து பெருகும் வைரஸ், சில பாக்டீரியாக்கள், ஒற்றைச்செல் உயிரிகள் ஆகியவற்றுக்கு ஒரு வகைப் பதில் தேவை. இண்டர்ஃபெரான் காமா என்ற வேதிச்செய்தி சுரந்து, விழுங்கும் செல்களை உசுப்பிவிட்டு, தொற்றிய செல்களைக் கொல்லவைக்கும். புழு விஷயத்தில் இது பலிக்காது. எந்த வெள்ளணுவும் விழுங்க முடியாத அளவு பெரியது புழு. அதனால் அதற்கு வேறு வழி: குடலில் சளி கூடுதலாகச் சுரக்கும், குடல் வேகமாக அசைந்து புழுவை வெளியே தள்ளப் பார்க்கும், ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகும். இவற்றைத் தூண்டுவது இண்டர்லூகின் 4, இண்டர்லூகின் 13 போன்ற வேறு செய்திகள். இந்த இரண்டு பதில்களும் ஒன்றையொன்று தணிக்கும் தன்மை உடையவை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை ஒரு கால்வாயில் கூடுதலாகத் திறந்தால் மற்றொன்றின் கடைமடைக்கு வரத்து குறையும் அல்லவா, அதைப் போலத்தான் இதுவும். புழுவை எதிர்க்க முழுமூச்சாக இறங்கிய உடலில் செல்லுக்குள் வாழும் கிருமியை எதிர்க்கும் திறன் குறையலாம்.

இதோடு நிற்பதில்லை. பல மாதம் குடலில் தங்கவேண்டிய புழு, எலியின் எதிர்ப்பையே தணித்துவிடும் பொருள்களைச் சுரக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்னும், எதிர்ப்பை அடக்கும் வெள்ளணுக்கள் அதிகமாகின்றன. தன்னைக் காத்துக்கொள்ளப் புழு செய்யும் ஏற்பாடுதான். ஆனால் அதன் பலன் அதே உடலில் இருக்கும் மற்றவர்களுக்கும் போய்ச் சேருகிறது.

2014-இல் ஆய்வகச் சுண்டெலிகளில் இதற்கு ஒரு தெளிவான சான்று கிடைத்தது. ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் சுண்டெலியின் உடலில் ஓசையில்லாமல் உறங்கிக்கிடக்கும். அந்தச் சுண்டெலிக்குக் குடற்புழு தொற்றியதும் உறங்கிய வைரஸ் விழித்துப் பெருகத் தொடங்கியது. புழுவுக்கு எதிராகச் சுரந்த இண்டர்லூகின் 4 என்னும் அதே செய்திதான் வைரஸை எழுப்பிவிட்டது. இண்டர்ஃபெரான் காமா அதை அடக்கிவைத்திருந்தது, புழு வந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது.

எல்லாமே நோயெதிர்ப்பு வழியாகத்தான் நடக்கும் என்றும் இல்லை. சாப்பாட்டுப் போட்டியும் உண்டு. கொக்கிப்புழு மாதிரி இரத்தம் குடிக்கும் புழு இருந்தால் சிவப்பணுக்கள் குறையும். சிவப்பணுவுக்குள் பெருகவேண்டிய மலேரியா ஒட்டுண்ணிக்கு இடம் குறையும். சுண்டெலிகளில் நடந்த பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஒழுங்காக வகைப்படுத்தியது. புழு இரத்தசோகையை உண்டாக்கினால் கூட்டாளியான ஒட்டுண்ணி குறைகிறது. புழு இண்டர்ஃபெரான் காமாவை அடக்கினால் கூட்டாளி பெருகுகிறது. அதாவது, எந்தப் புழு, அது எங்கே தங்குகிறது, எதைத் தின்கிறது என்று தெரிந்தால் முடிவை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது. குழப்பமாகத் தோன்றும் ஒன்றுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று அது காட்டுகிறது.

இவை எல்லாம் கூண்டில் வளர்ந்த சுண்டெலிகள். காட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு அதிகம் பேசப்படும் ஆய்வு, வட இங்கிலாந்தில் கீல்டர் காட்டில் நடந்தது. அங்கே புல்வெளியில் வாழும் வோல் என்ற சிறு கொறிவிலங்கைப் பிடித்து, அடையாளமிட்டு, ஒரு துளி இரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். திரும்பவும் அதே விலங்கு சிக்கும்போது மறுபடி இரத்தம் எடுப்பார்கள். மாட்டம்மை வைரஸ், சிவப்பணுக்குள் வாழும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியான பாபீசியா, பார்டோனெல்லா, அனாபிளாஸ்மா என்ற இரண்டு பாக்டீரியாக்கள் ஆகிய நான்கையும் பின்தொடர்ந்தார்கள். 2010-இல் வெளியான முடிவு பலரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. ஒரு வோலுக்குப் புதிதாக ஒரு தொற்று வருமா என்பதை அதன் வயது, பால், பருவகாலம் ஆகியவற்றைவிட, ஏற்கெனவே அதன் உடலில் வேறு எந்தத் தொற்று இருக்கிறது என்பதே அதிகமாகத் தீர்மானித்தது. சில சோடிகளில் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டது, சில சோடிகளில் கதவை அடைத்தது.

ஒரே விலங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் பலம். அது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் யாராவது இப்படி ஆராயத் தொடங்கினால் முதலில் விழக்கூடிய குழி இங்கேதான் இருக்கிறது. நூறு எலியைப் பொறிவைத்துப் பிடித்து, ஒரே நாளில் அறுத்துப் பார்த்து, புழு உள்ள எலிகளில் லெப்டோஸ்பைராவும் அதிகம் என்று கண்டதாக வைத்துக்கொள்வோம். புழுதான் லெப்டோஸ்பைராவுக்கு வழிவிட்டது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. கிழட்டு எலி நீண்ட நாள் வாழ்ந்திருக்கிறது, அதனால் புழு முட்டையையும் அதிகம் விழுங்கியிருக்கும், கிருமி கலந்த தண்ணீரிலும் அதிகம் நனைந்திருக்கும். தாழ்வான ஏலாவில் பிடித்த எலிக்கு ஈரத்தால் இரண்டுமே கிடைத்திருக்கும். ரப்பர்க் காட்டில் பிடித்ததற்கு இரண்டுமே குறைந்திருக்கலாம். உடலுக்குள் ஓர் உறவும் இல்லாமலே வெளியில் உறவு இருப்பதுபோலத் தெரியும். இதற்கு நேர்மாறாக, உள்ளே கடுமையான போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே வெளிக்கணக்கில் அது தெரியாமலும் போகலாம்.

அதனால்தான் சிலர் காட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் மரச்சுண்டெலிகளில் பாதிக்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். மருந்து பெற்ற சுண்டெலிகளில் உருளைப்புழு குறைந்தது. அதே குடல் பகுதியில் வாழும் ஐமீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியோ ஏறத்தாழ 15 மடங்கு பெருகியது. புழு இத்தனை நாள் அதை அடக்கிவைத்திருந்திருக்கிறது. ஆனால் சில வாரத்தில் புழு திரும்ப வந்தது, ஐமீரியாவும் பழைய அளவுக்கு இறங்கியது. இரத்தத்திலும் தோலிலும் இருந்த மற்ற ஒட்டுண்ணிகளில் பெரிய மாற்றம் இல்லை. இது 2013-இல் வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் காட்டுச் சுண்டெலிகளில் நடந்த இன்னோர் ஆய்விலும் உருளைப்புழு குறைந்ததும் அதே வகை ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளும் நாடாப்புழுவும் கூடின.

இந்த முடிவுகளைக் கீல்டர் முடிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: ஓர் உடலின் ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே வலையில் சமமாகப் பின்னப்பட்டிருக்கவில்லை. ஒரே இடத்தைப் பங்கிடுபவை, ஒரே உணவைத் தின்பவை நெருக்கமாக மோதுகின்றன. இரத்தத்தில் இருப்பவை இரத்தத்தில் இருப்பவற்றோடு, குடலில் இருப்பவை குடலில் இருப்பவற்றோடு. புழு முழு உடலின் எதிர்ப்பையும் மாற்றிவிடும் என்ற ஆய்வகக் கருத்து காட்டில் எப்போதும் அதே வலிமையோடு வெளிப்படுவதில்லை.

ஆய்வகத்துக்கும் காட்டுக்கும் இந்த வேறுபாடு ஏன்? ஆய்வகச் சுண்டெலி சுத்தமான கூண்டில், சுத்தமான உணவில், ஒரு கிருமியையும் பார்க்காமல் வளர்கிறது. 2016-இல் ஒரு குழு, கடைகளில் விற்கும் வளர்ப்புச் சுண்டெலிகளோடு ஆய்வகச் சுண்டெலிகளைச் சேர்த்து வளர்த்தது. சேர்ந்தவற்றின் நோயெதிர்ப்பு செல்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. முன்பு பச்சிளங்குழந்தையின் செல்களை ஒத்திருந்தவை, பிறகு வளர்ந்த மனிதரின் செல்களை ஒத்தன. 2018-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வகச் சுண்டெலிகளை வேலியிட்ட வெளிநிலத்தில் விட்டார்கள். ஒரே மரபணு, ஒரே வயது. இருந்தும் வெளியே வாழ்ந்தவை சாட்டைப்புழுவை எதிர்க்க முடியாமல் அதிகப் புழுவைச் சுமந்தன. மண்ணும் குளிரும் உணவும் எதிர்ப்பின் போக்கையே மாற்றுகின்றன என்றால், இங்கிலாந்துக் காட்டின் முடிவை அப்படியே நம் மாவட்டத்துத் தேரூர் வயலுக்கு எடுத்துவர முடியாது. தேரூரில் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

நம் மாவட்டத்தில் எலியோடு தொடர்புள்ள மூன்று நோய்களை முதலில் பார்க்கலாம் என்பேன்.

லெப்டோஸ்பைரா முதலாவது. எலியின் சிறுநீரகக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு, எலிக்கு நோய் தராமல், நீண்ட காலம் சிறுநீரில் வெளியேறும் கிருமி இது. வயல் வேலையில் காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் அந்தத் தண்ணீர் போதும். மழைக்காலம் அதற்கு ஏற்றது, மண்ணில் கிடக்கும் பல உருளைப்புழு முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் அதே ஈரம்தான் ஏற்றது. 2021 நவம்பரில் இங்கே வெள்ளம் வந்தபோது வயலும் ஓடையும் தெருவும் ஒன்றானது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் இரண்டும் ஒரே எலிக்குள் சேர வாய்ப்பு அதிகம். ஆனாலும் புழு இருந்தால் லெப்டோஸ்பைரா கட்டாயம் கூடும் என்று பாய்ந்துவிடக் கூடாது. லெப்டோஸ்பைரா செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமி அல்ல. அதை எதிர்ப்பதில் எதிர்பொருள்களுக்கே பெரிய பங்கு. மேலே சொன்ன கால்வாய்க் கணக்கு அதற்கு நேராகப் பொருந்தாது. ஒரே எலி எவ்வளவு நாள், எவ்வளவு கிருமியைச் சிறுநீரில் விடுகிறது என்பதைப் புழு மாற்றுகிறதா என்பதே இங்கே கேட்கவேண்டிய கேள்வி.

ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் இரண்டாவது. அதன் கிருமியான ஓரியன்ஷியா செல்லுக்குள் வாழ்வது, அதை அடக்க இண்டர்ஃபெரான் காமா வேண்டும். இங்கே புழுவின் பங்கு கோட்பாட்டளவில் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இன்னொரு சிக்கல். இந்தக் கிருமியின் உண்மையான இருப்பிடம் எலி அல்ல, சிற்றுண்ணிதான். தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். எலி அந்த உண்ணிக் குஞ்சுகளுக்குச் சோறு போடுகிறது. ஆகவே புழு இருக்கும் எலியின் தோல் கூடுதல் உண்ணிகளைத் தாங்குகிறதா என்று எண்ணிப் பார்ப்பது, இரத்தத்தில் கிருமியைத் தேடுவதைவிடப் பலன் தரலாம். அதிகாலையில் பால்வெட்டுக்குப் போய், ரப்பர்க் காட்டின் புதரோரம் உட்கார்ந்து எழுபவர்களுக்கு உண்ணிகளின் எண்ணிக்கைதான் நேரடி ஆபத்து.

மூன்றாவதில் புழுவே மனிதருக்கு நோய். எலியின் நுரையீரல் தமனியில் வாழும் ஆஞ்சியோஸ்டிராங்கிலஸ் என்ற புழுவின் குஞ்சுகள் எச்சத்தில் வெளிவந்து நத்தைக்குள் வளர்கின்றன. நத்தையைத் தின்னும் உயிர்களின் தசையிலும் அவை தங்கும். மனிதர் உடலுக்குள் போனால் மூளைக்கு ஏறி, ஈசினோபில் நிறைந்த மூளையுறை அழற்சியை உண்டாக்கும். பக்கத்துக் கேரளத்தில் இப்படி நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று நம்பி உடும்பின் பச்சை இறைச்சியை உண்டவர்கள் அவர்களில் உண்டு. அங்கே பரவிக்கிடக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையும் இந்தப் புழுவைச் சுமக்கக்கூடியது. எல்லையைத் தாண்ட நத்தைக்குச் சோதனைச்சாவடி ஒன்றும் கிடையாது. நத்தையைக் கையால் பொறுக்குபவர்கள் கையுறை போடுவதும், தோட்டத்துக் கீரையை நன்றாக அலசுவதும் இதற்காகத்தான்.

எலியைக் கொன்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்ற யோசனை எளிதாக வரும். பயிரைக் காக்க எலியைப் பிடிக்கவேண்டியது அவசியம்தான், அதை மறுக்கவில்லை. நோயைப் பொறுத்தவரை மட்டும் எச்சரிக்கை தேவை. கனடாவின் வான்கூவர் நகரில் சில தெருப்பகுதிகளில் எலிகளைப் பிடித்துக் கொன்றபின், அங்கே மிஞ்சிய எலிகளிடம் லெப்டோஸ்பைரா இருக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. எலிகளின் கூட்டம் கலைந்து, மிஞ்சியவை இடம் மாறி, சண்டையிட்டு, புதிதாகக் கலந்ததுதான் காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள். அப்புறம் ஒன்று: கிழட்டு எலிகள் செத்து இளசுகள் நிரம்பும்போது புழுச்சுமையும் மாறும். உள்ளேயிருக்கும் கணக்கு முழுக்கப் புதிதாகும்.

புழுவை மட்டும் எடுத்துவிடுவதும் அவ்வளவு எளிமையான நன்மை அல்ல என்பதற்கு ஆப்பிரிக்கக் காட்டெருமைகளில் 2015-இல் வந்த முடிவைப் பார்க்கலாம். கொறிவிலங்கு இல்லைதான், ஆனால் பாடம் பொருந்தும். புழு மருந்து பெற்ற எருமைகளுக்குக் காசநோய் தொற்றுவது குறையவில்லை. தொற்றிய பிறகு பிழைத்திருக்கும் வாய்ப்பு மட்டும் 9 மடங்கு கூடியது. நோயோடு நெடுநாள் வாழ்ந்ததால் அவை நோயைப் பரப்பும் அளவு ஏறத்தாழ 8 மடங்கு ஆனது. தனி எருமைக்கு நல்லது, மந்தைக்கு அப்படியல்ல.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்குப் புழு மாத்திரை கொடுக்கலாமா என்று யாரும் தயங்க வேண்டாம். நம் பகுதிக்குப் புழுக்கொடுமை புதிதல்ல. திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த காலத்தில், 1920களின் பிற்பகுதியில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு கொக்கிப்புழுவுக்கு எதிராக இங்கே வேலை நடந்தது. வெறுங்காலோடு விளையில் உழைத்தவர்களை இரத்தசோகையாக்கி, வேலைக்கே ஆகாதவர்களாக்கிய புழு அது. மனிதரில் புழு நீக்கம் தடுப்பூசியின் பலனைக்கூட மேம்படுத்தலாம் என்பதற்குச் சான்று உண்டு. எத்தியோப்பியாவில் புழு மருந்து பெற்றவர்களின் உடல் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிக்கு இன்னும் நன்றாகப் பதில் தந்தது. பள்ளிகளில் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று தரும் அல்பெண்டசோலுக்கு எதிராக எலி ஆய்வுகளிலிருந்து வாதம் எதுவும் எழவில்லை.

எலி ஆய்வு நமக்குச் செய்யக்கூடியது வேறு. எலிக்காய்ச்சல் வந்த ஊரில் எலி பிடித்துச் சிறுநீரகத்தை மட்டும் சோதனைக்கு அனுப்பும்போது, மற்ற உறுப்புகளோடு குடலும் குப்பைக்குப் போகிறது. அந்தக் குடலை நீளவாக்கில் வெட்டித் தண்ணீரில் அலசினால் பெரிய புழுக்கள் கண்ணுக்கே தெரியும், எச்சத்தைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டைகள் தெரியும். விலங்கியல் துறை இருக்கும் எந்தக் கல்லூரியிலும், கையுறையும் கிருமிநாசினியும் உரிய அனுமதியும் பயிற்சி பெற்றவரும் இருந்தால், இதைச் செய்ய முடியும். எலியின் எடை, பால், பிடித்த இடம், கன்னிப்பூவா கும்பப்பூவா, காதில் எத்தனை உண்ணி என்ற குறிப்புகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். எடையைக் குறித்தால்தான் வயதால் வரும் பொய் உறவைப் பிரித்தெடுக்க முடியும். கொல்லாமல் அடையாளமிட்டு விட்டு, அதே எலியை அடுத்த மாதம் திரும்பப் பிடித்துப் பார்க்க ஒரு குழு முன்வந்தால் இன்னும் நல்லது. அதற்கு வரப்பு வெட்டாத, விஷம் வைக்காத ஒரு துண்டு ஏலாவை இரண்டு பூவுக்கு விட்டுத்தர ஒரு விவசாயி வேண்டும். அந்த இரண்டு பூவின் நெல் இழப்புக்கு அவருக்கு ஈடுகட்டும் தொகையையும் ஆய்வின் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடவேண்டும்.